கேட்டால்தான் தீட்டு

அண்ணனிடமிருந்து போன் வந்தபோது நான் ரேஷன் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தால், “நாந்தான்” என்றது குரல். இருபது வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டுப் பேசுகிறவர், “நாந்தான்” என்றால் போதும் என்று நினைத்திருக்கிறார். போதுமாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன காது அந்தக் குரலை மறக்கவில்லை.

“அப்பாவுக்கு ரொம்ப முடியல. ஒரு பக்கம் வாதம் அடிச்சு, வாய் பேச்சு இல்ல. ஒன்னயத்தான் நெனைக்காவ போல. வந்துட்டுப் போ.”

பருப்பு தட்டுக்கு வெளியே சிந்தியது. முன்னால் நின்ற பெண், “பாத்துப் போடுக்கா” என்றாள். வேறு நாளாக இருந்தால் அவளுக்குத் தக்க பதில் கொடுத்திருப்பேன். எனக்கு நாக்கு நீளம் என்பது எங்கள் கடைக்கு வருகிற நாலு தெருவுக்கும் தெரியும். அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்தேன். அப்பா என்னை நினைக்கிறார். நான் சிரிக்காமல் என்ன செய்வேன்?

அப்பாவைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனசு வராது. விளாத்திகுளம் போகிற பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்கள் ஊர். மானாவாரி நிலம். மழை பெய்தால் மிளகாயும் பருத்தியும், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்க்கிற வேலை. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா காட்டுக்குப் போகுமுன் என்னை உட்காரவைத்துத் தலை பின்னிவிடுவார். மாட்டுக்குக் கயிறு திரிக்கிற கை. பின்னல் இழுக்கிற இழுப்பில் பள்ளிக்கூடம் விடுகிறவரை என் புருவம் மேலேயே நிற்கும். அப்பாவின் தங்கை, புருஷனை இழந்து எங்களோடு வந்திருந்த அத்தை, “நீ போண்ணே, நான் பின்னிவிடுதேன்” என்பாள். அப்பா விட மாட்டார். வத்தல் மூட்டையைக் கோவில்பட்டியில் போட்டுவிட்டுத் திரும்புகிற அன்று, காராச்சேவுப் பொட்டலத்தை அண்ணன் கையில் கொடுக்க மாட்டார், என் கையில்தான் கொடுப்பார். “நீ பாத்து அவனுக்குக் குடு” என்பார். அந்த ஒரு அதிகாரத்துக்காகவே நான் அவரைச் சாமியாக நினைத்திருந்தேன்.

கோவில்பட்டிக்குக் காலேஜ் படிக்கப் போனேன். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப். அங்கே வேலை பார்த்தவர் ஒருநாள் தானாகவே, “உங்க பஸ் இப்பதான் போச்சு. அடுத்தது மூணரைக்கு” என்றார். இதில் என்ன காதல் இருக்கிறது என்று என் மகள் கேட்கிறாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. என் பஸ் எது என்று ஒரு மனிதர் கவனித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். இன்றுவரை கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அவர் வேறு சாதி. எங்கள் பக்கத்தில் அதை அப்படிச் சொல்ல மாட்டார்கள். “வேற ஆளுக” என்பார்கள். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட சேதி ஊருக்குப் போனபோது, அப்பா அரிவாளைத் தூக்கவில்லை, ஆள் அனுப்பவில்லை. நேராகக் கண்மாயில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து, “எம்மவ செத்துட்டா” என்றாராம். அதோடு முடிந்தது. எனக்கு மகள் பிறந்தபோது, மனசு கேட்காமல், ஊர்க்காரர் ஒருவர் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். “செத்தவளுக்கு எப்படிப் பிள்ள பெறக்கும்?” என்று கேட்டு அனுப்பினார். என் நாக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் என்னை நினைக்கிறார் என்றதும், என் வீட்டுக்காரர் விசேஷத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். மறுபடி போன் வந்தது. “நீ மட்டும் வா” என்றார் அண்ணன். என் முகத்தைப் பார்த்தே இவருக்குப் புரிந்துவிட்டது. சட்டையைக் கழற்றவில்லை. “நான் பஸ் ஸ்டாப் டீக்கடையில இருக்கேன். நீ போயிட்டு வா” என்று வண்டியில் கூட்டிப்போனார். ஊருக்குள் போகிற பாதை பிரிகிற இடத்தில் என்னை இறக்கிவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டு வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டுக்கு முன்கூட்டியே வந்துவிட்ட கூட்டம். அண்ணன் என்னைப் பார்த்து, ஒரு கடைக்காரரிடம் தலையாட்டுகிற மாதிரி தலையை ஆட்டினார். உள்ளே கட்டிலில் அப்பா கிடந்தார். பனை மாதிரி நின்ற மனிதர், பாயில் விரித்த வேட்டி மாதிரி தட்டையாகக் கிடந்தார். கண் பாதி மூடியிருந்தது. உதடு வெடித்திருந்தது, எங்கள் காடு கோடையில் வெடிக்குமே, அப்படி.

“ஏட்டி, வந்துட்டியா? நல்ல வேளை” என்றாள் அத்தை. முகம் கழுவக்கூட விடவில்லை. காய்ச்சி ஆறவைத்த பாலை டம்ளரில் வைத்து, ஸ்பூனும் தயாராக நீட்டினாள்.

“எதுக்கு அத்தை இப்பமே பாலு?”

அத்தை சொன்னாள். உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், அதற்கு ஏதோ ஓர் ஆசை அடங்கவில்லை என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. முதலில் மண்ணாசை என்று நினைத்திருக்கிறார்கள். அப்பாவுடைய காட்டிலிருந்து ஒரு கை கரிசல் மண் எடுத்துவந்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி வாயில் விட்டிருக்கிறார்கள். போகவில்லை. பொன்னாசையோ என்று அண்ணன் மனைவி, என் மதினியின் சங்கிலியைக் கல்லில் உரசிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் போகவில்லை. ஓட்டப்பிடாரத்துப் பக்கம் குறி சொல்கிற ஒருத்தியிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். பெற்ற மகள் கையால் பால் ஊற்றாமல் இந்தக் கட்டை போகாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

“அப்ப, அப்பா என்னயக் கேக்கலையா?”

“அவியளுக்கு எங்கட்டி பேச்சு? குறிகாரிதான் சொன்னா.”

செத்துப்போனவள் என்று முழுக்குப் போட்ட வீட்டுக்கு, சாகவைப்பதற்கு நான் தேவைப்பட்டேன். அவசரம் எதற்கு என்பதையும் அத்தை ஒளிக்கவில்லை, பாவம், ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பங்குனியில் அம்மன் கோவில் பொங்கல். இந்த வருஷம் முதல் காப்பு அண்ணன் கையில் கட்டுவதாக ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவாகியிருந்தது. முதல் அக்கினிச் சட்டியும் அவர்தான் எடுக்க வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு அப்படியொரு மரியாதை வருவது இதுதான் முதல் தடவை. அப்பா இன்றைக்கோ நாளைக்கோ போனால், பதினாறாம் நாள் விசேஷத்தை முடித்து, வீட்டைக் கழுவி, தீட்டு நீங்கி, அண்ணன் காப்புக் கட்டிக்கொள்ளலாம். தள்ளிப்போனால் தீட்டு குறுக்கே விழும். மரியாதை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அம்மனுக்கும் அப்பாவுக்கும் தேதி பொருந்தி வர வேண்டும், அவ்வளவுதான் சங்கதி.

டம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்கலாம். வாயில் வந்த வார்த்தையும் லேசானதில்லை. ஆனால் அந்த உதட்டைப் பார்த்துவிட்டு எறிய முடியவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உட்கார்ந்து, அப்பாவின் தலையை மடியில் தூக்கி வைத்து, ஒரு ஸ்பூன் ஊற்றினேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழத் தயாரானாள். வாசலில் பேச்சு நின்றது.

அப்பா விழுங்கினார். இன்னொரு ஸ்பூன். அதையும் விழுங்கினார். மூன்றாவது ஸ்பூனை உதட்டால் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றார். நான் இழுக்கிறேன், வரவில்லை. டம்ளரில் இருந்தது பூராவும் உள்ளே போனது. கண்ணைத் திறந்து டம்ளரைத் தேடினார். அப்பா சாவுக்குக் கிடக்கவில்லை. பசியில் கிடந்தார்.

“இவியளுக்குச் சாப்பாடு என்ன குடுத்தீங்க?” என்று மதினியைப் பார்த்துக் கேட்டேன்.

மதினி அத்தையைப் பார்த்தாள். “போற உசுருக்குக் கஞ்சி குடுத்தா இழுத்துக்கிட்டே கெடக்கும்னு அத்தை சொன்னாவ. வாய நனைக்கத் தண்ணி மட்டும் விட்டோம்.”

“நான் என்ன வஞ்சகமா பண்ணேன்?” என்று அத்தை கத்தினாள். “எங்கண்ணன் கெடந்து சீரழியக் கூடாதுன்னுதான் சொன்னேன். சட்டுன்னு போயிரணும்னு நான் கும்பிடாத சாமி இல்லட்டி.” அழுதாள். நிஜமான அழுகை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். அந்த வீட்டில் யாரும் அப்பாவைக் கொல்ல நினைக்கவில்லை. எல்லோருக்கும் அவர் மேல் பிரியம் இருந்தது. பிரியமாக, முறைப்படி, பட்டினி போட்டிருந்தார்கள்.

திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் மாற்றுப்புடவையைக் கொண்டுவந்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் கஞ்சி காய்ச்சி ஊற்ற ஊற்ற அப்பா தேறினார். இடது பக்கம் அசையவில்லை, ஆனால் கண் தெளிந்தது. மூன்றாம் நாள் “தண்ணி” என்றார். குழறலாக இருந்தாலும் புரிந்தது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒரு பெரியவர், “என்னம்மா, அனுப்பி வைக்கக் கூப்பிட்டா நீ எழுப்பி விட்டுட்டியே” என்று கேலியாகச் சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் என்னைக் களத்துப் பக்கம் கூப்பிட்டார். வத்தல் காயப்போட்டிருந்தது. நெடி மூக்கில் ஏற, இரண்டு பேரும் தும்மிக்கொண்டே பேசினோம்.

“கிழவருக்கு இப்ப தெளிவு வந்துட்டு. ஆனா நம்ப முடியாது பாத்துக்கோ. காப்புக் கட்டின பொறவு ஊருக்குள்ள வச்சு ஒண்ணு ஆயிட்டுன்னா, என் மரியாதை மட்டும் போவாது, பொங்கலே நின்னுரும். ஊரு என்னயச் சும்மா விடாது. நீ கொண்டு போய் வச்சிருக்கியா? அங்கன டாக்டர் கிட்டக்க இருக்காரு.”

“எங்க வீட்டுக்கா?”

“பொங்கல் முடியுத வரைக்கும்.” பிறகு மண்ணைப் பார்த்துக்கொண்டு, “ஊருல மதுரை ஆஸ்பத்திரின்னு சொல்லிக்கிடுதேன்” என்றார்.

இதற்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். எப்படியோ, எந்தக் கேவலத்தினாலோ, அப்பா என் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரப்போகிறார். ஒரு தடவை வந்துவிட்டால், இருந்து பார்த்துவிட்டால், எங்களைத் தெரிந்துகொள்வார் என்று நினைத்தேன். படித்தவள்தான். ஆனாலும் நினைத்தேன்.

விடியுமுன் ஆம்னி வேனில் ஏற்றி, ஊர் எழுந்திருப்பதற்குள் கொண்டுவந்துவிட்டோம். மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு அவளுடைய ரூம் சும்மாதான் கிடந்தது. அதில் கட்டிலைப் போட்டோம். என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பைக் காலையில் லேட்டாகத் திறந்து, மத்தியானம் ஒரு தடவை வந்து, சாயங்காலம் சீக்கிரம் அடைத்துவிட்டு வருவார். அப்பாவை ஒரே தூக்காகத் தூக்கி உட்காரவைப்பார். டயபர் மாற்றுவார், வெந்நீரில் துண்டை நனைத்து உடம்பு துடைப்பார், முதுகில் புண் வந்துவிடாமல் பவுடர் போட்டுப் புரட்டிப் படுக்கவைப்பார். கையில் ஆயில் வாடை இருக்கக் கூடாது என்று மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அந்த ரூமுக்குள்ளேயே போவார். “மாமா, கொஞ்சம் திரும்புதீங்களா?” என்று அனுமதி கேட்டுத்தான் தொடுவார்.

அப்பா அந்த நேரமெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். மரம் மாதிரி கிடப்பார். நான் கஞ்சி கொடுத்தால் குடிப்பார். ஒருநாள் கடையில் ஸ்டாக் இறக்க வேண்டியிருந்ததால் நான் வர நேரமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஸ்பூனை நீட்டியிருக்கிறார். வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வருகிறவரை இவர் ஆறிப்போன கஞ்சியைச் சுடவைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

கழுவிவிட ஆகும், கஞ்சிக்கு ஆகாது. இது எந்த ஊர் நியாயம்? எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “வேற ஆளு கைதான் உங்களக் கழுவி விடுது, தெரியுதுல்லா? அதுக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு அடக்கிப் பாருங்களேன்!” என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் என்னைப் பிடித்து அடுக்களைக்குள் தள்ளினார். “சும்மா இரு. படுத்துக் கெடக்குத மனுசன்கிட்ட என்ன வழக்கு?” என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. இவ்வளவு நல்லவராக இருந்து என்ன கண்டார்?

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். அப்பாவுக்குப் பேச்சில் இன்னொரு வார்த்தை வந்தது. “ஊருக்கு” என்றார். பார்க்கிற நேரமெல்லாம் “ஊருக்கு.” நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த வாரக் கடைசியில் நெஞ்சில் சளி கட்டியது. தெருமுனை டாக்டர் வந்து ஊசி போட்டார். “வயசானவரு, எதுவும் நம்ம கையில இல்ல. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லி வச்சிருங்க” என்றார். அண்ணனுக்குப் போன் போட்டேன். அப்பா சரியாமல் இருக்க அவரை என் மேல் சாய்த்துப் பிடித்திருந்ததால், ஸ்பீக்கரில் போட்டு மெத்தையில் வைத்தேன். அண்ணன் பேசினால் அப்பாவும் குரலைக் கேட்கட்டுமே என்றும் ஒரு நினைப்பு. பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது.

“அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு. வந்து பாத்துட்டுப் போறியா?”

“காப்புக் கட்டியாச்சு. ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. ஒனக்குத் தெரியாதா?”

“ஒண்ணு ஆயிட்டுன்னா?”

கொட்டுச் சத்தம் தூரமாகப் போனது. ஒதுக்குப்புறமாக நடந்து வந்திருப்பார் போல. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இங்க பாரு, அப்படி ஒண்ணு ஆனாலும் எனக்குச் சொல்லிராத. எங்க யாருக்கும் சொல்லிராத. முளைப்பாரி கரைச்சு, காப்பு அவுத்த பொறவு சொல்லு. காதுல விழுந்தாத்தான தீட்டு? விழாட்டா ஒண்ணுமில்ல.”

“அது வரைக்கும்?”

“டவுன்ல ஐஸ் பெட்டி வாடகைக்குக் கெடைக்கும்லா. அதுல வச்சிருங்க.”

போனை அணைக்க எனக்குக் கை வரவில்லை. அப்பாவின் தலை என் தோளில் இருந்தது. அவர் காது நன்றாகக் கேட்கும். வாதம் காதைத் தொடவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குச் செய்ததுதானே உங்களுக்கும் நடக்கிறது, நல்லா அனுபவியுங்கள் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. இன்னொரு பக்கம், ஊருக்குப் போய் அண்ணனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து, கையைக் கழுவிவிட்டு, எப்போதும் போல, “மாமா, கொஞ்சம் கஞ்சி?” என்று கேட்டார். கேட்பதை அவர் நிறுத்தியதே இல்லை. அப்பா அவரைப் பார்த்தார். கண்ணைத் திறந்து, நேராகப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

இவர் ஸ்பூனை நீட்டினார். கஞ்சி தாடையில் வழிய, துண்டால் ஒற்றி ஒற்றிக் கொடுத்தார். அடுக்களைக்கு வந்து, “நம்ம கையால சாப்பிட்டாவ” என்றார். அன்றைக்கே மகளுக்கும் போன் பண்ணிச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த அளவுக்கு இளகவில்லை. அப்பாவுக்குப் போக வேறு கதவு இல்லை, அதனால் இந்தக் கதவைத் தட்டியிருக்கிறார் என்றுதான் பட்டது. ஆனால் சொல்லவில்லை. அவர் சந்தோஷத்தில் மண்ணைப் போட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

சளி இறங்கியது. அப்பா தேறினார். அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இருந்தன. நானும் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தேன். இவர் டிவியில் செய்தி போட்டுவிட்டு அப்பாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைப்பார். அப்பா நல்ல கையால் இவருடைய முழங்கையைப் பிடித்துக்கொள்வார். பேச்சு கிடையாது. பிடி மட்டும் இருக்கும். ஒருநாள் நான் அப்பாவுக்குத் தலை சீவிவிட்டேன். சும்மா இருந்தார். கல்யாணத்தோடு எனக்கும் சாமிக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. எங்கள் ஊர் அம்மன் பெயரைக்கூட நான் வாயால் சொல்வதில்லை. அந்தப் பங்குனியில், அடுப்பில் பால் பொங்கி வரும்போது, யாருக்கும் தெரியாமல் அவளிடமே வேண்டிக்கொண்டேன். அப்பா இங்கேயே இருந்துவிடட்டும், தானாக மனசு வந்து இருக்கட்டும், உனக்கு மாவிளக்குப் போடுகிறேன் என்றேன். அவள் அங்கே அண்ணன் எடுத்த அக்கினிச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

காப்பு அவிழ்த்த மறுநாளே வாசலில் கார் வந்து நின்றது. அண்ணன் மஞ்சள் வேட்டியில் இருந்தார். உள்ளங்கையில் சட்டி சுட்ட கொப்புளம். கையில் தேங்காயும் பழமும் வைத்த பை. வாசல்படியிலேயே நின்றார். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார்.

“நல்லபடியா முடிஞ்சுது. அப்பாவக் கூட்டிட்டுப் போறேன். இனி அவிய நம்ம வீட்டுல கெடந்தாத்தான் மரியாதை” என்றார்.

“அவியட்டக் கேளு” என்றேன். அந்த நேரத்தில் எனக்குப் பயம் இல்லை. அப்பா ஐஸ் பெட்டியைக் காதால் கேட்டவர். என் வீட்டுக்காரர் கையால் சாப்பிட்டவர். கேட்கட்டும், பதில் என்னவென்று அண்ணனும் கேட்டுக்கொள்ளட்டும் என்று ரூம் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

அண்ணனைப் பார்த்ததும் அப்பாவின் முகம் கோணி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. “ஏ ராசா” என்றார். தெளிவாக. எனக்கு இத்தனை நாளில் “தண்ணி”யும் “ஊருக்கு”ம்தான் கிடைத்திருந்தன. நல்ல கையை முழுசாக மேலே தூக்கி, என்னைத் தூக்கிக்கொள் என்று காட்டினார். அந்தக் கை அவ்வளவு உயரம் போகும் என்பதே எங்களுக்குத் தெரியாது. சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை.

“அப்பா, இங்கனயே இருக்கீங்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கார் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனால் தனியாகத் தூக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் போய் எப்போதும் போல ஒரே தூக்காகத் தூக்கிக் காரில் உட்காரவைத்தார். சரியாமல் இருக்கத் தலையணையை முட்டுக் கொடுத்தார். நகரப் போனவரின் சட்டைக் கையை அப்பா பிடித்து இழுத்தார். இவர் குனிந்தார். நான் ஜன்னல் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என்ன சொல்லப்போகிறார் என்று நானும் குனிந்தேன். இவரிடம் அப்பா ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

குழறிக் குழறி, ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிகிற மாதிரி, மரியாதையாகவே சொன்னார்: “நான் இங்கன இருந்தத யாருட்டயும் சொல்லிராதீங்க.”

“சொல்ல மாட்டேன் மாமா” என்றார் இவர். கதவை மெதுவாகச் சாத்திவிட்டார்.

அப்பா ஆடி மாதம் போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது. நான் அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, இவரிடம், “உங்க மாமனாரு தவறிட்டாருலா. நீங்க அவியள நேருல பாத்ததுகூட இல்ல, என்ன?” என்று கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி, குடுத்து வைக்கல” என்றார் இவர். குனிந்து செயினுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

இவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர், இன்னமும் காப்பாற்றுகிறார். நான் யாருக்கும் எந்தச் சொல்லும் கொடுக்கவில்லை. அப்பா எங்கள் வீட்டில் இருந்தார். என் வீட்டுக்காரர் கையால் சாப்பிட்டார்.